மூட்டலாவில் பிளாஸ்டிக் பிரிக்கிறார்கள்

அன்புள்ள முருகேசனுக்கு,

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயில் மாறி மூட்டலா வந்து சேர்ந்தேன். வெட்டர்ன் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1927இல் இங்கே ஒரு நீள்அலை வானொலி நிலையம் வைத்தார்கள். அதனால் ஐரோப்பாவின் பழைய ரேடியோ டயல்களில் இந்த ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கும். ஏரி, கால்வாய் எல்லாம் வீட்டுக்கு எழுதிவிட்டேன். உனக்கு எழுத வேண்டியது ‘சைட் ஜீரோ’ பற்றி.

2023 நவம்பரில் திறந்த பிளாஸ்டிக் பிரிப்பு ஆலை இது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வாங்கிப் பிரிக்கும் திறன் கொண்டது. குளிர்பான பாட்டில் இங்கே வருவதில்லை. அதற்கு இந்த நாட்டில் டெபாசிட் உண்டு. காலி பாட்டிலைக் கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே வருவது மிச்சமெல்லாம்: வெண்ணெய் டப்பா, இறைச்சித் தட்டு, ஷாம்பு பாட்டில், சிப்ஸ் கவர், ரொட்டி சுற்றிய பை. உன் பழைய பிளாஸ்டிக் கிடங்கில் வேண்டாம் என்று ஒதுக்குகிற சரக்கில் பாதி இங்கே முதல் சரக்கு.

உள்ளே போனதும் புளித்த பால் வாடை. பைகளைக் கிழித்துக் கொட்டி, சுழலும் பெரிய சல்லடையில் அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். பிறகு ஆடும் தட்டுகளின் மேல் விட்டால் கவர் போன்ற தட்டையானவை ஒரு பக்கமும், உருளும் டப்பாக்கள் இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன. காந்தம் இரும்பை எடுத்துவிடும். இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. நான் நின்று பார்த்தது அதற்கு அடுத்த கட்டத்தை.

அகலமான பெல்ட் ஒன்று விர்ரென்று ஓடுகிறது. டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவலாகக் கிடக்கின்றன. மேலே விளக்கு, அதன் பக்கத்தில் சென்சார். விளக்கின் அகச்சிவப்பு ஒளி டப்பாவில் பட்டுத் திரும்பும்போது, அந்தப் பிளாஸ்டிக் எந்த அலைநீளத்தை விழுங்கியது என்று சென்சார் பார்க்கிறது. பெட் பிளாஸ்டிக் என்றால், திரும்பும் ஒளியில் ஏறத்தாழ 1,660 நானோமீட்டரில் ஒரு பள்ளம் விழும். பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரோப்பிலீனுக்கும் பள்ளம் 1,700ஐத் தாண்டி விழும், அதிலும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாட்டோடு. டப்பா பெல்ட்டின் முனைக்கு வருவதற்குள் முடிவாகிவிடுகிறது. அங்கே வரிசையாகக் காற்றுக் குழல்கள். வேண்டிய டப்பாவுக்கு நேராக இருக்கும் குழல் மட்டும் திறந்து ஓர் அடி கொடுக்கிறது. அது தடுப்பைத் தாண்டிப் பறக்கிறது, மற்றவை அப்படியே கீழே விழுகின்றன. தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போலச் சத்தம், நிற்காமல். நார்வேயின் டோம்ரா கம்பெனியின் எந்திரங்கள். இப்படிச் சுமார் 60 சென்சார்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்த்து 12 வகையாகப் பிரிக்கின்றன.

மிதப்பதையும் மூழ்குவதையும் பிரிக்க நீ வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிபி என்கிற பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.90, எச்டி என்கிற அடர் பாலிஎத்திலீனுடையது 0.95. இரண்டும் மிதக்கும், அதனால் தொட்டியில் அவற்றைப் பிரிக்க முடியாது. பெட்டும் பிவிசியும் இரண்டுமே மூழ்கும். அந்த இரண்டும் கலந்தால் வரும் கேடு உனக்குத் தெரியும். பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலம் கக்கும். பெட் மஞ்சளாகி வலுவிழக்கும். கொஞ்சம் பிவிசி போதும், முழு லாட்டும் கெட்டுவிடும். தண்ணீருக்குத் தெரியாத அந்த வித்தியாசம் இந்த ஒளிக்குத் தெரிகிறது. இந்த எந்திரத்தின் பெரிய பலன் வேகம் என்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் கறுப்புத் தட்டைப் பார்த்தால் இந்தக் கண் குருடாகிவிடும். கறுப்புக்குப் போடும் கார்பன் கரி, ஒளி முழுவதையும் தானே விழுங்கிவிடுகிறது; சென்சாருக்குத் திரும்பி வர எதுவும் மிஞ்சாது. நல்ல பிபி தட்டுதான், ஆனாலும் காலி பெல்ட் போலத் தெரியும். அதேபோல், பெட் பாட்டிலுக்குத் தலை முதல் கால் வரை வேறு பிளாஸ்டிக்கில் லேபிள் சுற்றினால் லேபிளைத்தான் படிக்கும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் வேறு கறுப்புச் சாயங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் கரி போட்ட தட்டில் இறைச்சியை அடுக்கி விற்பதை எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். பிரிக்க முடியாதது கடைசியில் உலைக்குத்தான் போகிறது. குப்பையை எரித்து ஊருக்கே வெந்நீர்க் குழாயில் சூடு அனுப்புகிற நாடு இது. பிளாஸ்டிக்கை எரிப்பது எண்ணெயை எரிப்பதற்குச் சமம் என்று தெரிந்துதான் இந்த ஆலையைக் கட்டியிருக்கிறார்கள். ஆலையை நடத்தும் நிறுவனத்தின் உரிமையாளர்கள் பிளாஸ்டிக் தொழிலின், மளிகை வணிகத்தின் சங்கங்கள்தான். எதைப் பொட்டலமாகச் செய்கிறோமோ அது தங்கள் பெல்ட்டுக்கே திரும்பி வரும் என்பதால், வடிவமைப்பவர்களுக்கும் பிரிப்பவர்களுக்கும் பேச்சு நடக்கிறது. நம்மிடம் இன்னும் நடக்காதது அந்தப் பேச்சுதான்.

உனக்கு இவ்வளவு பெரிய எந்திரம் கட்டுபடியாகாது, தேவையும் இல்லை. ஆனால் இதே ஒளியை வைத்துக் கையில் பிடித்துப் பார்க்கும் சின்னக் கருவிகள் இருக்கின்றன. பொருளின் மேல் வைத்து அழுத்தினால் பெயர் சொல்லிவிடும். கறுப்புச் சரக்கில் அதுவும் திணறும், மற்றதற்கு நன்றாக உதவும். உன் கிடங்கில் அக்காமார்கள் சந்தேகமான துண்டை லைட்டரில் கொளுத்தி, புகையை முகர்ந்து வகை சொல்வார்களே, அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. பிவிசி புகை நெஞ்சுக்கு ஆகாது. ஜெர்மனி போனதும் அந்தக் கருவியின் விலையை விசாரித்து எழுதுகிறேன். அதுவரை தெரியாத துண்டுகளைத் தனிச் சாக்கில் போட்டு வைக்கச் சொல். பத்துக் கிலோ நஷ்டமானாலும் பரவாயில்லை, யாரையும் முகர விடாதே.

அன்புடன்,
கதிர்