வரம் அல்ல, வளர்ப்பு!

திருவானைக்காவிலே அம்மை உமிழ்ந்த தாம்பூலத்தை வாயில் வாங்கியதால் காளமேகம் கவியானான் என்றனர். நாவிலே காளி எழுதியதால் காளிதாசன் பாவலனானான் என்றனர். பேச்சின்றிப் பிறந்த குமரகுருபரர் திருச்செந்தூர் சென்றதும் பாடத் தொடங்கினார் என்றனர். கதைகள் பல, அவை புகட்டும் கருத்து ஒன்றே. எழுத்தாற்றல் மேலிருந்து விழும் வரம், உழைப்பால் வருவதன்று, ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடியதுமன்று!

வரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வரம் ஏன் சில தெருக்களிலேயே தங்கிற்று? சேரிக்குச் செல்ல வழி தெரியவில்லையா? அடுப்பங்கரைக்குள் நுழைய அச்சமா? 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களிலோ நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 2011இல் அது 73 ஆயிற்று. பெண்களில் 65 ஆயிற்று. இடையிலே கலைமகள் மனம் மாறினாளா? இல்லை. பள்ளி வந்தது, பகலுணவு வந்தது, படிக்காதே என்று தடுத்த கை தளர்ந்தது. எழுத்தறிவு வந்த வழி இதுவென்றால், எழுத்தாற்றல் வரும் வழியும் இதுவே. தடுப்பதை நீக்குவோரும், தாங்கிப் பிடிப்போரும் வேண்டும்.

நம் இயக்க வரலாறே இதற்குச் சான்று. 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ பெண்களை எழுத அழைத்தது, எழுதியதை ஏற்றது. தேவதாசி முறையின் கொடுமையை வாழ்விலே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் அதனையே நாவலாக்கித் தந்தார். 1942இல் திருவாரூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் அனுப்பிய ‘இளமைப்பலி’யை அண்ணா தம் ‘திராவிட நாடு’ ஏட்டில் வெளியிட்டார். எழுதியவரின் வயதைப் பார்க்கவில்லை, வரிகளைப் பார்த்தார். கையெழுத்து ஏடு நடத்திப் பழகிய அந்த மாணவரே கலைஞர். புதுக்கோட்டையில் தோன்றிய ‘பொன்னி’ இதழ், ‘பாரதிதாசன் பரம்பரை’ என்ற தலைப்பிட்டு இளம் பாவலர்களை அறிமுகப்படுத்திற்று. பிறப்பால் வருவதே பரம்பரை என்றிருந்த நாட்டிலே, விருப்பால் வரும் பரம்பரை! குருதி கேட்கவில்லை, கொள்கை கேட்டது.

பெரிய ஏடுகள் செய்த இப்பணியைச் சிறிய அளவிலே செய்தவை படிப்பகங்கள். நெல்லைப் பக்கத்திலே எங்கள் சிற்றூர்ப் படிப்பகமும் கையெழுத்து ஏடு ஒன்று நடத்திற்று. திங்களுக்கு ஓர் இதழ். இதழுக்கு ஒரே ஒரு படி. அழகாக எழுதக் கூடியவர் ஒருவர், அனைவர் எழுத்தையும் தாளிலே படியெடுப்பார். இறுதியில் நான்கு பக்கங்கள் வெறுமையாக விடப்படும். வீடு வீடாகச் செல்லும் ஏடு திரும்பி வரும்போது, அப்பக்கங்களிலே படித்தோர் கருத்து நிறைந்திருக்கும்.

ஏட்டில் ஏறுமுன் மன்றத்திலே படிக்க வேண்டும். விதிகள் மூன்றே. படித்து முடிக்கும்வரை எவரும் குறுக்கிடலாகாது. ‘நன்று’ என்றாலும் ‘தவறு’ என்றாலும் காரணம் கூற வேண்டும். எழுத்துப் பிழையை அவையிலே சொல்லிச் சிரிக்கலாகாது. தமிழாசிரியர் தனியே திருத்துவார்.

பீடி சுற்றும் பெண்ணொருத்தி ஒரு நாள் வந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நிலவைப் பற்றியும் அரசிளங்குமரியைப் பற்றியும் எழுதியிருந்தாள். “பீடி சுற்றும் கைக்குப் பேனா எதற்கு?” என்றார் பின்வரிசையில் இருந்த ஒருவர். தலைவர் அவரிடம் காரணம் கேட்டார். காரணம் இல்லை, அமர்ந்தார். பிறகு அவளைக் கேட்டோம்: “நிலவை நிமிர்ந்து பார்க்க உனக்கு நேரமுண்டா, தங்கையே?” அவள் சிரித்தாள். “முறத்தைத்தான் பார்ப்பேன்” என்றாள். “அதை எழுது” என்றோம்.

அடுத்த திங்கள் எழுதி வந்தாள். இலையை நனைத்து வைப்பது, அளவுத் தகடு வைத்து வெட்டுவது, தூளிட்டுச் சுற்றி நூல் கட்டுவது, கடையிலே கொண்டு கொடுப்பது. அங்கே ஒருவர் கட்டைப் பிரித்துப் பிடிக்காதவற்றை எறிவது. எறிந்தவற்றுக்குக் கூலி இல்லை. எறிந்த பீடிகளோ அவளுக்குத் திரும்புவதும் இல்லை! அதற்குப் பெயர் ‘கழிவு’. தமிழாசிரியர் அச்சொல்லை அடித்து ‘ஒதுக்கப்பட்டவை’ என்று எழுதினார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஒதுக்கினால் தனியாக வைப்பார்கள், ஐயா. கழித்தால் கணக்கிலிருந்தே போய்விடும்.” காரணம் அவள் பக்கம் இருந்தது. ஆசிரியரே தம் திருத்தத்தை அடித்தார். பட்டம் பெற்றவர் எழுத்தைப் பள்ளி விட்ட பெண் திருத்திய அந்த நாளே, எங்கள் மன்றம் மன்றமாயிற்று.

ஏடு தெருவுக்குச் சென்றது. வெறும் பக்கத்திலே ஒருவர், ‘இதைப் பெண் எழுதியிருக்க முடியாது’ என எழுதினார். அதன் கீழே, எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள், யார் யாருக்கு எத்தனை பீடி கழிந்ததென்று. நான்கு பக்கம் போதவில்லை. தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. கடைக்காரர் திருந்தினாரா? இல்லை. ஆனால் கழித்ததை எண்ணிக் காட்டுமாறு பெண்கள் கேட்கத் தொடங்கினர். அதுவரை கேட்டறியாத கேள்வி அது.

ஆதரவு என்றால் முதுகில் தட்டிக் கொடுப்பதே என எண்ணுவோர் உளர். அன்று! ஆராயாத புகழ், எழுதுவோனை அங்கேயே நிறுத்திவிடும். அறிவற்ற ஏளனம், எழுதுமுன்பே அவனைக் கொன்றுவிடும். இரண்டும் வேண்டா. காது கொடுத்துக் கேட்பதும், காரணம் கூறித் திருத்துவதும், திருத்தியதை நாலு பேர் கண்ணிலே படச் செய்வதுமே ஆதரவு. தலைவர்களின் அடுக்குமொழியை அப்படியே அடியொற்றும் இளைஞனையும் நாம் தடுத்தாக வேண்டும். பகுத்தறிவு பேசும் மன்றத்திலே படியெடுக்கும் எழுத்துக்கு என்ன வேலை? அவன் கண்டதை அவன் சொல்லிலே எழுதட்டும்.

இன்று கையெழுத்து ஏடு அருகிவிட்டது. கையிலே உள்ள கருவியில் தட்டினால் உலகுக்கே எழுத்து போகிறது. வெளியிட வழி ஆயிரம், அருகிருந்து கேட்டு, “ஏன் இப்படி எழுதினாய்?” என்று அன்போடு வினவ ஆள் அரிது. முதல் தலைமுறையாகப் பேனா பிடிக்கும் பிள்ளைக்கு வீட்டிலே நூலகம் இல்லை. உறவிலே எழுத்தாளர் இல்லை. மன்றமும் இல்லையென்றால் அப்பிள்ளை எங்கே செல்லும்?

தோழர்களே! ஊருக்கொரு மேடை அமைத்தோம், உரைகள் கேட்டோம். இனி ஊருக்கொரு வட்டம் அமைப்போம். பத்துப் பேர் போதும். வாரம் ஒரு மாலை போதும். பேசுவோர் பலரை உருவாக்கிய நாம், பேசாதிருந்தோரின் எழுத்தைக் கேட்க உட்காருவோம். அவர்கள் எழுதத் தொடங்கினால், ‘தலையெழுத்து’ என்று சொல்லி எவரும் இனி ஏய்க்க இயலாது. தம் எழுத்தைத் தாமே எழுதுவர்!