ஒரு பிடி அரிசி

உங்கள் வீட்டில் உலை கொதிக்கும்போது அம்மா என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். அரிசியை அளப்பார், களைவார், போடுவார். எங்கள் அம்மா அதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்வார். அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மாடத்திலிருந்த பழைய மைலோ டின்னில் போட்டு மூடிவிடுவார். அதற்குப் பெயர் பிடியரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அந்த டின் ஆராதனைக்குப் போகும்.

எங்கள் தோட்டம் கேமரன் மலையில், ரிங்லட்டைத் தாண்டி. அம்மா கொழுந்து கிள்ளினார், அப்பா கவ்வாத்து வேலை. ஆராதனை ஒரு லயத்து வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். போதகர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற வாரங்களில் கிராணியார் ஒருவர் ஜெபம் பண்ணுவார். வந்தவர்கள் அரிசியை ஒரு சாக்கில் கொட்டுவார்கள். இருபது வீட்டு அரிசி. வெள்ளை, பழுப்பு, குறுநொய் எல்லாம் கலந்து கிடக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. 1974ஆம் ஆண்டு. கடைப் பற்று ஏறிக்கொண்டே போகிறது என்று அப்பாவும் அம்மாவும் இரவில் மெதுவாகப் பேசுவது என் காதில் விழும். நான் கணக்குப் போட்டேன். வேளைக்கு ஒரு பிடி, நாளுக்கு இரண்டு, வாரத்துக்குப் பதினான்கு. அரைக்கிலோ வரும். நமக்கே இல்லாதபோது கர்த்தருக்கு எதற்கு அரைக்கிலோ? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கன்னம் வீங்கியிருக்கும்! அம்மா தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து டின்னிலிருந்து ஒரு பிடியை எடுத்து அரிசிப் பானையில் போட்டுவிடுவேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

இந்தப் பிடியரிசி வழக்கத்தைப் பற்றிப் பின்னாளில் நான் வாசித்ததைச் சொல்லுகிறேன். வடகிழக்கு இந்தியாவில் மிசோரம் மலைநாட்டு ஏழைப் பெண்கள் 1910இல் இதைத் தொடங்கினார்கள். கையில் காசு இல்லாதவர்கள் அவர்கள். சோறு சமைக்கும்போது எடுத்த பிடி அரிசியை விற்று ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் சேருகிறது என்றால் நம்புவீர்களா? நம் தமிழர் கதையும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்த வி. எஸ். அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியரை அனுப்புவதைக் கண்டு வெட்கப்பட்டார். மறு ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் காணிக்கையே போதும் என்று தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த அசரியாதான் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

பெரிய அற்புதங்களைப் பற்றியே பிரசங்கம் செய்கிறவர்கள் மேல் எனக்குச் சற்று மனவருத்தம் உண்டு. சாறிபாத் விதவையிடம் எலியா கேட்டது என்ன? ஒரு சிறிய அடை. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட அன்று ஒரு பையனின் கட்டுச்சோறுதான் கையில் இருந்தது. தேயிலைக்காரர்களான நமக்கு இது புதிதா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததுதான் கொழுந்து. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால்தான் ஒரு கிலோ தேயிலை. அத்தனையும் விரல் நுனியால் கிள்ளியது. (இப்போது இயந்திரமும் பெரிய கத்தரியும் வந்துவிட்டன. கிள்ளுகிறவர்களில் பலர் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வருகிறார்கள்.)

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவின் காலில் கவ்வாத்துக் கத்தி பட்டுவிட்டது. புண் ஆறவில்லை. இரண்டு மாதம் வேலையில்லை, சம்பளமும் இல்லை. கடைக்காரர் முதல் மாதம் கொடுத்தார், பிறகு நோட்டைத் திறக்கவில்லை. ஒரு மாலை மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஆள் சத்தம். சபைப் பெண்கள் நான்கு பேர், நனைந்த கோணியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். "அக்கா, இது கர்த்தருடைய சாக்கு. இந்த வாரம் உங்க வீட்டுக்குன்னு தீர்மானம் பண்ணிட்டோம்" என்று சொல்லி இறக்கினார்கள். வெள்ளை, பழுப்பு, குறுநொய். ஒவ்வொரு வாரமும் வந்தார்கள், அப்பா வேலைக்குப் போகும்வரை.

அன்று சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, டின்னிலிருந்து எடுத்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்டா. நீ ஒரு பிடி எடுப்பேன்னுதான், நான் ரெண்டு பிடி போட்டுக்கிட்டு வந்தேன்."