வயல் கிராமத்தில், பேனா பனாஜியில்

பழைய கோவாவில் வைஸ்ராய் வளைவைத் தாண்டினால் படகுத்துறை. ஃபெரியில் ஏறிய சில நிமிடங்களில் மாண்டோவி ஆற்றுக்கு நடுவே இருக்கும் திவார் தீவு வந்துவிடுகிறது. குன்றின் மேல் சர்ச். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். கடற்கரையைத் தேடி வரும் கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த வயல்களுக்கு கஜான் என்று பெயர். கடல் ஏற்றத்தின்போது ஆற்றின் உப்புநீர் மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்கும். தடுப்பது மண்கரையும் அதிலுள்ள மரக்கதவு மதகும்தான். ஏற்றத்தில் நீரின் அழுத்தமே கதவைச் சாத்திவிடும். வற்றத்தில் கதவு திறந்து மழைநீர் வடியும். மழைக்காலத்தில் நெல், மதகருகே மீனும் இறாலும். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. கரை உடைந்தால் ஒருவர் வயல் மட்டுமல்ல, எல்லோர் வயலும் உப்பாகும். எனவே கரையைக் காப்பது, மதகின் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவது எல்லாவற்றையும் ஊர்ச்சபையே கவனித்தது. அதில் எல்லோருக்கும் சம உரிமை இருந்ததில்லை என்பது வேறு கதை.

இன்று நிலத்தின் தலைவிதி வண்ண வரைபடத்தில் இருக்கிறது. 2006-இல் அறிவிக்கப்பட்ட 'மண்டலத் திட்டம் 2011' வயல்களையும் தோப்புகளையும் குடியிருப்பாக்க வழிவிட்டது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2007 ஜனவரியில் அரசு பின்வாங்கியது. அடுத்த திட்டத்துக்கான குழுவில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா இடம்பெற்றார். வரைவு வரைபடங்கள் பஞ்சாயத்துகளுக்கு வந்தன. கிராமசபைகள் தங்கள் வயல், குளம், சரிவுகளைக் குறித்துத் திருப்பி அனுப்பின. நாட்டில் அபூர்வமான காட்சி. ஆனால் குறித்தது ஒன்று, அச்சாகி வந்தது வேறு என்று பல கிராமங்கள் குமுறின. 2012-இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டமும் கிடப்பில் போடப்பட்டது.

பஞ்சாயத்தால் ஏன் தடுக்க முடிவதில்லை? அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதை நகராட்சிகளுக்கான பட்டியலில் வைக்கிறது. பஞ்சாயத்துகளுக்கான 11-ஆவது அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. கோவாவின் 1974-ஆம் ஆண்டுத் திட்டச் சட்டமோ பேனாவை மாநில அரசிடமே கொடுத்திருக்கிறது. கட்டட உரிமம் தருவது பஞ்சாயத்து. அந்த மனை வயலா, வீட்டு மனையா என்று முடிவு செய்வது பனாஜி.

அண்மைக்கால சட்டத் திருத்தங்கள் மாநிலம் முழுவதற்குமான திட்டம் என்பதையே கேள்விக்குறியாக்கின. தவறைத் திருத்துகிறோம் என்ற பெயரில் மனை மனையாக நிறம் மாறியது. ஒரு மனையை மண்கொட்டி மேடாக்கினால் மழைநீர் பக்கத்து வயலில் போய் நிற்கும். சர்வே எண்ணை மட்டும் பார்க்கும் கோப்பில் அது தெரியாது. இதற்கான விதிகளை 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதற்குள்ளாகவே, 2024-இல், 39ஏ என்ற இன்னொரு பிரிவு சட்டத்தில் சேர்ந்துவிட்டது. அதன்படி மண்டல மாற்றத்துக்கு ஆட்சேபம் சொல்ல 30 நாள். அறிவிப்பு வருவதை ஊரில் யாராவது விடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.