பழைய நேரமா, புதிய நேரமா?

பழைய செய்திகளைக் கணினித் தரவுத்தளம் ஒன்றில் சேர்த்துவரும் இளைய நண்பர் அண்மையில் கேட்டார்: "ஐயா, சர்வதேச நேரத்துடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் இலங்கை நேரம் வந்துவிடுந்தானே?"

இன்றைய செய்திக்கு வரும். 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட செய்திக்கு வராது.

மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி 1996 மே 25இல் அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலம் குறைந்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய மணியே ஓடிக்கொண்டிருந்தது.

2004 டிசெம்பர் 26. சுமாத்திராவில் நிலம் நடுங்கியபோது சர்வதேச நேரம் 00.58. கல்முனையில் காலை 6.58, முல்லைத்தீவில் 6.28. அன்று கல்முனையிலிருந்து ஒருவர் 'காலை 9 மணி' என்றும், முல்லைத்தீவிலிருந்து இன்னொருவர் 'காலை 9 மணி' என்றும் எழுதியிருந்தால், இரண்டாவது அரை மணித்தியாலம் பிந்தியது. எந்த ஊரை அலை முதலில் தொட்டது, எச்சரிக்க அவகாசம் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் சிறியதன்று.

ஆகவே, எண்ணைக் கூட்டவேண்டாம், 'ஏசியா/கொலம்போ' என்ற வலயப் பெயரைக் கொடுங்கள் என்றேன். போஸ்ட்கிறெஸ் போன்ற மென்பொருள்கள் அந்த மூன்று மாற்றங்களையும் அறியும். நாளைத் தேடும்போதும் அவதானம் தேவை. அன்றைய கொழும்பு நாள், சர்வதேச நேரப்படி 25ஆம் திகதி 18.00க்குத் தொடங்கி 26ஆம் திகதி 18.00க்கு முன்னர் முடிகிறது. வழங்கி சர்வதேச நேரத்தில் இயங்க, வெறுமனே '26' என்று வினவினால், அதிகாலை ஆறு மணிக்கு முன் நடந்தவை முதல்நாளுக்குப் போய்விடும். மறுநாள் அதிகாலை இறந்தவர் அன்றே இறந்தவராவார்.

வன்னி நேரத்துக்கு அந்தப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை. இந்தியாவின் 'ஏசியா/கொல்கத்தா'வைத்தான் இரவல் வாங்கவேண்டும். வேடிக்கைதான், ஆனால் கணக்குச் சரியாக வரும்.

செய்தியாளர் எழுதிய மணியையும் அவர் நின்ற ஊரையும் தனி நிரல்களில் மாற்றாமல் வைக்கவும் சொன்னேன். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் எழுதப்பட்டவற்றுக்கு அதுவும் போதாது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு மணி, சற்றுத் தள்ளிப் புளியங்குளத்தில் இன்னொரு மணி. பயணி எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்? ஒவ்வொன்றாக வாசித்துத்தான் தீர்மானிக்கவேண்டும். நண்பர் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார்.