சாய்வெயிலில் தெரியும் சுவர்

கொத்தனாரின் கைத்திறனை எடைபோட வேண்டுமென்றால், சாயங்காலம் வெயில் சாய்ந்து உரசும் சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நேர்வெயிலில் ஒளிந்திருந்த மேடுபள்ளமெல்லாம் அப்போது நிழலோடு எழும். ஏர்வாடி தர்காவைச் சுற்றிய தெருக்களில் புது வீடுகளை அப்படிப் பார்த்துக்கொண்டு போனேன். பல சுவர்கள் அலையலையாக இருந்தன, மயிரிழை வெடிப்பும் ஓடியது. பக்கத்திலேயே காரை பெயர்ந்த ஒரு பழைய வீடு. அதில் மிஞ்சியிருந்த பூச்சில் கை வழுக்கியது. இந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது?

தேடல் முதலில் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோனது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தில் பூச்சு போன இடமெல்லாம் பவளக்கல் தெரிகிறது. இந்தக் கரையில் கல்லையும் கடல் கொடுத்தது, கல்லை மூடிய சுண்ணாம்பையும் கடல் கொடுத்தது. பவளத்தையோ சிப்பியையோ காளவாயில் 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு போய்விடும். 100 கிலோ கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். தண்ணீர் பட்டதும் அது கொதித்து நீறும். சுவரில் ஏறிய பிறகு, விட்ட வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும்.

அந்த நிதானம்தான் நான் தேடியது. சிமெண்ட் அரை மணி, ஒரு மணியில் இறுகத் தொடங்கும். அதற்குள் மட்டப்பலகை ஓடி, மணியாசுக் கட்டை சுற்றி முடிந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு அவசரப்படுத்தாது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ந்தால் கலவை இன்னும் குழைந்து கைக்கு அடங்கும். செட்டிநாட்டு வீடுகளில் அடுக்கு மேல் அடுக்காக, மேலே போகப்போக நைசான கலவை பூசினார்கள். கடைசி அடுக்கில் முட்டை வெண்கருவும் சேரும். பிறகு கூழாங்கல் கொண்டு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களைத் தாங்கி நிற்பதும் சுண்ணாம்புப் பூச்சுதான். சேதுபதி மன்னர்களின் ஓவியர்களைப் புகழ்கிறோம். அவர்களுக்குச் சுவரை இழைத்துக் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இன்னொரு செய்தி என்னை நிறுத்தி வைத்தது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் தொடக்க முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில் நடந்தது; அதற்கு மூலப்பொருள் கடற்சிப்பி. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனாலும் நான் எதிரெதிராக வைத்துப் பார்த்த சிமெண்ட், சுண்ணாம்பு இரண்டுக்கும் நம் கடற்கரையில் ஒரே தாய்வீடு இருந்திருக்கிறது.

அதற்காகப் பவளத்தைத் திரும்ப வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அலையைத் தடுத்த பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். ஒரு சுவரின் அழகுக்கு அந்த விலை அதிகம்.

ஏர்வாடியில் சாரத்திலிருந்து இறங்கி வந்த மூத்த கொத்தனார் ஒருவரிடம், பவளத்தை வெட்டாமல் சுவரை வழவழப்பாக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். “உப்பு மண்ணையும் உப்புத் தண்ணியையும் முதல்ல நிறுத்தணும் தம்பி” என்றார். “சுவரை நனைக்காமப் பூசுனா சுவரே ஈரத்தை உறிஞ்சிரும். மேல சிமெண்டைத் தூவி இழைச்சா அப்பப் பளபளங்கும், அப்புறம் வெடிக்கும்.” சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதிதில்லை. அடிப்பூச்சைக் கீறிவிட்டுக் காயவிட வேண்டும், மேல்பூச்சை மெல்லிசாகப் போட வேண்டும், மேற்குச் சுவரை வெயில் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அடுக்கினார். ஏன் இப்போது அப்படிச் செய்வதில்லை என்றதற்கு, “ரெண்டு தடவை பூசக் கூலி யாரு தர்றா?” என்று கேட்டார்.