அரளியும் நொச்சியும்

மாணிக்க மாலைக்கு வேண்டிய பொருள்கள் நான்கு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை, கட்டுவதற்குச் சம்பா நார். நான்கில் ஒன்றுகூடக் கிடைத்தற்கரியதல்ல. அரளியை நெடுஞ்சாலை நடுவிலேயே நட்டுவைத்திருக்கிறார்கள். நொச்சி வேலியோரம் தானாக வளரும். தலைபாரம் வந்தால் ஆவி பிடிக்க ஒடித்துவருவோம். இவற்றை வைத்துக்கொண்டு குமரி மாவட்டத்துத் தோவாளைக்காரர்கள் பாய் போலத் தட்டையாக, கட்டம் கட்டமாக நிறம் பிரித்து ஒரு மாலையைத் தலைமுறைகளாகக் கட்டிவருகிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தி ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது நான் அடுத்த வீட்டு ஆச்சியிடம் இலை மடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது இதே குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில். பால்வெட்டு உள்ள நாள், இல்லாத நாள் என்றுதான் எங்கள் வீட்டில் ஆண்டு பிரிந்திருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிர்ந்து மரம் மறுபடி துளிர்க்கும்வரை வெட்டு இல்லை. கல்யாணமாகித் தோவாளைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வாசனை உண்டென்று தெரிந்தது. இங்கே திண்ணையில், கடைவாசலில், எங்கே பார்த்தாலும் யாராவது பூக்கட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே கட்டுவார்கள். சண்டை போட்டுக்கொண்டேகூடக் கட்டுவார்கள். பார்க்கப் பார்க்க எனக்கும் கை துடித்தது.

ஆச்சி என்னை உடனே பூவைத் தொட விடவில்லை. "மொதல்ல எலய மடிச்சுப் பழகு மக்கா, பூவு பெறகு" என்றாள். நொச்சியின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளிறல். கரும்பச்சை வெளியே தெரியவேண்டும், நடுநரம்பு முறியக்கூடாது, எல்லா மடிப்பும் ஒரே அகலத்தில் வரவேண்டும். முற்றிய இலை விறைக்கும். இளந்தளிர் கட்டு விழுவதற்குள் துவண்டுபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பருவத்தை விரல்தான் கண்டுபிடிக்கவேண்டும். இலை கிள்ளுகிற நேரமெல்லாம் கையில் அந்தக் காரமான மணம் ஏறிக்கிடக்கும். இரவு சோறு பிசையும்போதும் வரும். எனக்கு அது பிடித்துப்போனது.

அரளிக்கு வேறு பாடம். ஐந்து இதழையும் உள்ளுக்கு மடக்கிச் சதுரமாக்கவேண்டும். விரிந்து தளர்ந்த பூ மடியாது, கிழியும். இறுகிய மொட்டில் நிறம் போதாது. வாய் திறக்கத் தொடங்கிய பூதான் வேண்டும். அரளி விஷச்செடி. அதன் பால் வாய்க்குள் போகக்கூடாது. அதனால் ஆச்சி வீட்டில் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் ஒருவரும் தட்டைத் தொட முடியாது. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் கூடை தரையில் இருக்கக்கூடாது. இதில் மட்டும் அவள் யாருக்கும் இளகியதில்லை.

பிறகு நார். தண்ணீரில் ஊறினால்தான் வளையும். மெல்லியதாகக் கிழித்து, ஒவ்வொரு பூவாக வைத்து, வரிசை வரிசையாக இறுக்கிக்கொண்டே போகவேண்டும். இறுக்கம் கூடினால் இதழில் வெட்டு விழும். குறைந்தால் தூக்கும்போது கட்டம் கோணும். நான் கட்டியதை ஆச்சி வாங்கியதும் முகப்பைப் பார்க்கமாட்டாள். திருப்பிப் பின்பக்கத்தைத் தடவுவாள். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பாக்கதுக்கு முன்பக்கம். போட்டிருக்க ஆளத் தொடுகது அந்தப் பக்கம்லா மக்கா!"

அன்றிலிருந்து நானும் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாலையை வாழையிலையில் சுருட்டுகிறேன்.

தோவாளைச் சந்தை விடியும் முன்பே விழித்துவிடும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிறது ஊர். சுற்று ஊர்களின் பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும், வெளியூரிலிருந்து லாரியில் இறங்கும் மற்றப் பூக்களும் ஒரே இடத்தில் குவியும். மூட்டையை அவிழ்க்கிறபோது உள்ளேயிருந்து எழுகிற குளிர்ச்சி முகத்தில் படும். காலண்டரைப் பார்க்காமலே, அங்கே எது மலிந்திருக்கிறது, எது கண்ணில் படவில்லை என்பதை வைத்து மாதத்தைச் சொல்லிவிடலாம்.

சித்திரையில் வெயில் ஏற ஏற மல்லிகை கொட்டும். விலை விழும், விவசாயிக்கு அது வருத்தம்தான். ஆனால் அந்த நாட்களில் ஏழை வீட்டுப் பெண்ணும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அதைப் பார்க்கும் சந்தோஷத்தை நான் மறைக்கமாட்டேன். இடவப்பாதி தொடங்கினால் மேற்கே என் அம்மை வீட்டில் மழை அடித்துக்கொட்டும். இங்கே வருவது சாரலும் காற்றும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று எங்கள் பூவையும் உலர்த்தும். அப்போது கதவைச் சாத்தி, ஈரத்துணி போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கட்டவேண்டும். தண்ணீர் தெளிப்பதிலும் அளவு உண்டு. மிஞ்சினால் பூ அழுகும்.

ஆடி வந்தால் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் ஔவையாரம்மன் கோயிலுக்குக் கொழுக்கட்டை அவிக்கப் போவார்கள். தோவாளை முருகனுக்கு மலர் முழுக்கு நடக்கும். ஊரே பூவைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்ச் சாமி மேல் சொரிகிற நாள் அது. ஆண்டெல்லாம் பூவை எடைபோட்டு விற்கிற கைகள் அன்றைக்கு எடை பார்ப்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த திருவிழா.

ஆவணியில் அத்தம் பிறந்ததும் சந்தைக்குத் தூக்கமே கிடையாது. திருவோணம்வரை பத்து நாளும் கேரளத்து வாசல்களில் பூக்களம் இடவேண்டும். வாடாமல்லியும் கேந்தியும் அரளியும் வண்டி வண்டியாகத் திருவனந்தபுரம் பக்கம் போகும். கன்னிப்பூ நெல் அறுவடையும் அதையொட்டித்தான் வரும். ரோட்டோரம் வைக்கோல் மணம், சந்தைக்குள் கேந்தி மணம். நவராத்திரிக்குச் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பயணம் நிற்கவில்லை. வழிநெடுகப் பூவும் தட்டுமாக மக்கள் நிற்பார்கள். ஐப்பசி மழையில் நனைந்து வரும் பூ கனக்கும், சீக்கிரம் பழுக்கும். அந்த மாதத்தில் உலர்த்தியும் பொறுக்கியும் எடுப்பதே பாதி வேலை.

மார்கழியில் பனி இறங்கியதும் பிச்சியும் மல்லிகையும் அருகிவிடும். விலை மலையேறும். சுசீந்திரத்தில் ஒன்பதாம் நாள் தேரோட்டம், மறுநாள் திருவாதிரை. அந்தச் சமயத்தில் ஒரு முழம் பிச்சி கையில் கிடைத்தால், இதழின் அடியில் ஓடுகிற இளஞ்சிவப்புச் சாயலைக்கூட நின்று பார்க்கத் தோன்றும். சித்திரையில் அதைப் பார்க்க யாருக்கு நேரம்? மாசியில் கும்பப்பூ நெல்லை அறுத்து வயல் வெறிச்சோடும்போது வெயில் திரும்பும், மல்லிகைச் செடி மறுபடி மொட்டுவைக்கும்.

பூக்கட்டுகிறவருக்கு ஊரில் நடப்பதெல்லாம் முதலில் தெரிந்துவிடுகிறது. ஒரே காலையில் ஒருவர் கல்யாணத்துக்கு மாலை சொல்லிவிட்டுப் போவார், இன்னொருவர் கேத வீட்டுக்கு வாங்கவருவார். கேத வீட்டுக்கு வருகிறவர் விலை கேட்கமாட்டார், உட்காரமாட்டார். ஆச்சி அந்த மாலையை அவசரமாகக் கட்டி நான் பார்த்ததில்லை. முடிச்சுகள் அதே அளவில்தான் விழும். கொஞ்ச நேரத்தில் மண்ணுக்குள்ளோ நெருப்பிலோ போகப்போகிறது என்று தெரிந்தும், கசங்கிய பூ ஒன்றைக் கண்டால் எடுத்துப்போட்டுவிட்டு வேறு வைப்பாள். அவளுக்குக் கல்யாண மாலை கட்டிய அதே வீட்டில்தான் அவள் வீட்டுக்காரருக்கும் கடைசி மாலை கட்டினார்களாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. கை நின்றது. பிறகு, "அந்தக் கொழுந்த இங்க தள்ளு" என்றாள்.

கட்டியது நாளைக்கு இருக்காதே, சலிப்பாக இல்லையா என்று என் அம்மை ஒருமுறை கேட்டாள். ரப்பர் ஷீட்டை உலர்த்திப் புகைபோட்டு, விலை ஏறும்வரை அடுக்கிவைத்துப் பழகியவள் அவள், கேள்வி நியாயமானது. எனக்குச் சலிப்பே வரவில்லை. நேற்றைய மாலை இன்றைக்கு இல்லாததால்தான் ஒவ்வொரு காலையும் கூடையைத் திறக்கும்போது எனக்கு ஆவல். சிவப்பு இன்றைக்கு எந்தச் சிவப்பு, நொச்சியில் தளிர் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். முன்பு இவற்றில் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. இப்போது படுகிறது. நாள் நிறைந்திருக்கிறது.

ஆச்சிக்குக் கண் மங்கிவருகிறது. இதழ் மடிப்பதைத் தடவியே செய்துவிடுகிறாள். நிறம் பிரிப்பது என் வேலை. மாலைக்கு இப்போது வெளியூரில் பேர் வந்திருப்பதால் படித்த பிள்ளைகளும் எட்டிப்பார்க்கிறார்கள். வரட்டும், கூலி ஒழுங்காகக் கிடைத்தால் நிற்கவும் செய்வார்கள். கூலியைப் பேசாமல் கலையை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மாலையின் இரண்டு பக்கமும் கீழே சேருமிடத்தை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. கட்டங்கள் அங்கே குறுகி வரவேண்டும், நிறக்கணக்கு தப்பக்கூடாது. ஆவணி நெரிசல் கழிந்தால் உட்கார்ந்து சொல்லித்தருவதாக ஆச்சி ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு நல்ல நொச்சி வேண்டும் என்பதால், வேலியோரக் கொம்புகளை இப்போதே கவாத்துப் பண்ணிவிட்டிருக்கிறேன்.