மாடு நொண்டினால் இரண்டு மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்



மாடு நொண்டினால் முள் குத்தியதா, கல் பட்டதா என்று காலைப் பார்க்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அது என்ன தின்றது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவர் போன மாதம் போன் செய்தார். "சார், மாடு நொண்டுது, பாலும் பாதியாப் போச்சு. வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு பார்க்கிறோம்" என்றார். கடன் வாங்கிப் பிடித்த கலப்பின மாடு. விசாரித்தால், வீட்டில் காதுகுத்து நடந்திருக்கிறது. மிஞ்சிய சோற்றையெல்லாம் மாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். கால்நடை டாக்டர் வந்து சீவிப் பார்த்தபோது பின்னங்காலின் வெளிக்குளம்புக்கு அடியில் புண்.

சோறு, கஞ்சி, அரிசிமாவு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடுகிறது. குளம்புக்குள் ரத்த ஓட்டம் கெட்டு வீக்கம் வருகிறது. குளம்பு மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான் வளரும். அதனால் உள்ளே பட்ட அடி வெளியே தெரிய இரண்டு மாதம் ஆகிவிடும். அதற்குள் விசேஷத்தையே மறந்திருப்போம். ஆகவே வைக்கோலும் பசுந்தீவனமும் வயிறு நிறையக் கொடுங்கள். அடர்தீவனத்தைப் பிரித்துப் பிரித்து வையுங்கள்.

அடுத்தது தரை. மேய்ச்சலுக்குப் போன மாட்டுக்கு நடையிலேயே குளம்பு தேய்ந்தது. கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு அது நீண்டுவிடும். சாணி, மூத்திர ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மாடு ஒரு நாளில் பாதி நேரம் படுத்திருக்க வேண்டும். சிமெண்ட் தரை என்றால் ரப்பர் விரிப்பு போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழகியவரை வைத்துக் குளம்பைச் சீவிவிடுங்கள்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் மயில்துத்தம் கரைத்து, கழுவிய கால்களை அதில் நிறுத்துங்கள். இரும்புப் பாத்திரம் வேண்டாம். மாடு அதைக் குடித்துவிடக் கூடாது. மிச்சத்தை வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள்.

வாயில் எச்சில் ஒழுக நொண்டினால் கோமாரியாக இருக்கலாம். உடனே மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டு 1962-க்குப் போன் செய்யுங்கள்.

தினமும் தண்ணீர் காட்ட அவிழ்க்கும்போது பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால் காலில் வலி இருக்கிறது என்று அர்த்தம். நொண்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.